நாலு பட்டையும் ஒரே உயரம்

அந்த ஜன்னல் சீட்டு காலிதானுங்க, உட்காருங்க. அட, தாராளமா உட்காருங்க. கண்டக்டரே உங்களை இங்க அனுப்பினாருன்னா அப்பறம் என்ன? போன வாரமே ஆன்லைன்ல ரெண்டு சீட்டு போட்டு வெச்சிருந்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்கப்பாவுக்கு. அவரு வரல. ஏன் வரலைங்கறீங்களா? அது பெரிய கதை. நீங்க எங்க இறங்கணும்? பல்லடமா? அப்ப நேரம் இருக்கு.

எனக்கு ஒரு இடம் வெட்டியாக் கெடந்தா மனசு கேக்காதுங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னுட்டு வர, இங்க ஒரு சீட்டு காலியா வந்துச்சுன்னா எனக்கு நெஞ்சடைச்சுப் போகும். என் தொழில் அப்படி.

சாஃப்ட்வேருதான். ஆனா நீங்க நெனைக்கற மாதிரி அமெரிக்காக்காரனுக்குக் கணக்கு எழுதற சாஃப்ட்வேர் இல்ல. உங்க வீட்டுல டிவிக்குக் கீழ கேபிள் பொட்டி இருக்கும் பாருங்க, அந்தப் பொட்டியைச் செய்யற கம்பெனி. கோயம்புத்தூர்லதான். அந்தப் பொட்டிக்குள்ள ஒரு சிப்பு. சிப்புக்குள்ள நாலு கோர். கோருன்னா மூளைன்னு வெச்சுக்குங்க. ஒரே பொட்டிக்குள்ள நாலு மூளை. படத்தைப் பிரிச்சுக் காட்டறது ஒரு வேலை, சத்தம் ஒரு வேலை, நீங்க ரிமோட்டை அமுக்கினா கவனிக்கறது ஒரு வேலை, இப்படி நூறு வேலை உள்ள ஓடும். எந்த வேலையை எந்த மூளை செய்யணும்னு முடிவு பண்ண உள்ளயே ஒரு மேஸ்திரி உண்டு. ஷெட்யூலர்னு பேரு. அந்த மேஸ்திரியை எழுதினவன் நான். தேவராஜ்னு சொன்னா எங்க கம்பெனியில எல்லாருக்கும் தெரியும்.

கல்யாணப் பந்தியில நாலு பேர் பரிமாறறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் சாதத்தைத் தூக்கிட்டு ஓடி ஓடி வேர்த்துக் கொட்டறான். இன்னொருத்தன் ஊறுகாயை வெச்சு முடிச்சுட்டுத் தூணுல சாஞ்சு நிக்கறான். பார்த்தா உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வரும். அதனால நான் என்ன பண்ணினேன்னா, கண்ணு சிமிட்டற நேரத்துக்கு ஒரு தடவை நாலு கோரையும் எட்டிப் பார்க்கற மாதிரி எழுதினேன். எவன்கிட்ட வேலை ஜாஸ்தியோ அவன்கிட்ட இருந்து புடுங்கி, எவன் வெட்டியா நிக்கறானோ அவன்கிட்ட குடுத்துரும். பாதி சாதம் போட்டுட்டு இருக்கும்போதே புடுங்கும். ஈவு இரக்கமே கெடையாது. நியாயம்னா நியாயம்.

சாப்பிடறவனா? அவனுக்கு என்னங்க? சாதம் வரும். எவன் கையில இருந்து வந்தா என்ன?

அதை கம்ப்யூட்டர் திரையில பார்க்கணும் நீங்க. நாலு கோருக்கும் நாலு பச்சைப் பட்டை. முன்னாடியெல்லாம் ஒண்ணு மேல முட்டும், ஒண்ணு தரையில கெடக்கும். நான் எழுதினதுக்கு அப்பறம் நாலு பட்டையும் ஒரே உயரம். அளவெடுத்து வெட்டின மாதிரி. எங்க எம்.டி. வந்து பார்த்துட்டு, "தேவராஜ், சாமி படம் மாதிரி இருக்குய்யா, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்"னாரு. மாட்டியும் வெச்சேன்.

அந்த சமயத்துலதான் எங்கம்மா தவறிட்டாங்க. ஈரோட்டுல அண்ணன் வீட்டுல காரியம். எல்லாம் முடிஞ்சு பந்தல் பிரிக்கறாங்க, அப்பா ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்காரு, இனி அவரு யார்கூட இருப்பாருங்கற பேச்சு மெல்ல வருது. நாங்க மூணு பேருங்க. ஈரோட்டுல அண்ணன் குழந்தைவேலு. இங்க கரூர்ல, வெங்கமேட்டுல, அக்கா பூங்கோதை. மாமா போர்வை, துண்டு எல்லாம் மடிச்சு ஏற்றுமதிக்கு அனுப்பற சின்ன ஷெட் வெச்சிருக்காரு. கோயம்புத்தூர்ல நான். அண்ணன் அண்ணியைப் பார்க்கறாரு, அண்ணி அண்ணாந்து மேல பார்க்கறாங்க. அக்கா, "எங்கூட இருக்கட்டும்டா, எனக்கென்ன"ங்கறா.

நான் விடுவனா? ஒரே ஆளு மேல முழு பாரத்தையும் ஏத்தறதா? நான் இருக்கறப்பவா? ஒரு தாளை எடுத்தேன், மூணு கட்டம் போட்டேன். மூணு மூணு மாசம், மூணு வீடு. யாருக்கும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அண்ணியே எந்திரிச்சு வந்து, "தம்பி படிச்ச படிப்பு வீண் போகல"ன்னாங்க. எங்கண்ணி வாயில இருந்து நல்ல வார்த்தை வாங்கறது லேசு இல்லீங்க.

அப்பாவைக் கேட்டமாங்கறீங்களா? அவரு எதிர்லதானே உட்கார்ந்திருந்தாரு.

எங்கப்பா, நாச்சிமுத்துன்னு பேரு, லாரி டிரைவருங்க. நேஷனல் பர்மிட்டு. நாக்பூர், கட்டாக்னு ஓட்டாத ரோடில்ல. ஊர் ஊரா சுத்தின மனுஷன். அவருக்கு ஈரோடும் கரூரும் கோயம்புத்தூரும் ஒரு தூரமாங்க? அப்படித்தான் நெனைச்சேன்.

ஆனா வயசாச்சில்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் போன புதுசுல திண்டாடுவாரு. எங்க வீட்டுல பாத்ரூம் வலது பக்கம். ராத்திரி எந்திரிச்சு இடது பக்கம் போயி, பீரோ கதவைத் திறந்துட்டு நிப்பாரு. ஏன்னா அண்ணன் வீட்டுல இடது பக்கம். ஃபேன் சுவிட்சைத் தேடி செவுரு பூரா தடவுவாரு. என் பையனை அண்ணன் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. சாப்பாடு இறங்காது. ஒரு பத்து நாள் போனா கொஞ்சம் தெளிவாரு. எதுத்த வீட்டுக்காரரோட பேசுவாரு, காலையில பேப்பரை அவரே போயி எடுத்துட்டு வருவாரு, என் வீட்டுக்காரிக்குக் கீரை ஆய்ஞ்சு குடுப்பாரு. சரி, செட் ஆயிட்டாருன்னு பார்த்தா, அடுத்த வீட்டு முறை வந்துரும்.

இதுல அண்ணி ஒரு குறை சொன்னாங்க. அப்பா வந்த புதுசுல இருக்கற அந்தப் பத்து நாள்தான் கஷ்டம், அது தீபாவளிக்கு முன்னாடி எங்களுக்கு வருது, உங்களுக்கு வரலைன்னு. நியாயமான குறைதானுங்களே? உட்கார்ந்து யோசிச்சேன். பெரிய பெரிய துண்டா வெட்டறதாலதான் இந்த ஏற்றத்தாழ்வு. சின்னச் சின்னதா வெட்டினா சரியாப் போகும். பொட்டிக்குள்ளயும் அதே தத்துவந்தான். மூணு மாசத்தை ஒரு மாசமாக்கினேன். அப்பவும் ஒரு தடவை அக்கா வீட்டுல விசேஷம் வந்து கணக்கு இடிச்சுது. பதினஞ்சு நாளாக்கினேன்.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ஆமாங்க, பத்து நாள் திண்டாடுவாருதான், அஞ்சு நாள் தெளிவா இருப்பாரு. ஆனா அந்தத் திண்டாட்டம் மூணு வீட்டுக்கும் சமமாப் பிரிஞ்சுது பாருங்க, அதைச் சொல்லுங்க.

ஆபீசுலயும் அப்ப எனக்கு ஒரு தலைவலி. ஷஹீரா பானுன்னு என் டீம்ல ஒரு பொண்ணு. வீடு உக்கடத்துல. ரொம்ப சூட்டிகை, ஆனா வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் என் டேபிளுக்கு வந்து நின்னா.

"சார், படம் பிரிக்கற வேலையை ஒரே கோர்ல விட்டுரலாம். நாம தூக்கித் தூக்கி மாத்தறதுனாலதான் படம் திக்குது."

"மாத்தாம விட்டா ஒரு பட்டை மேல போயிரும்மா."

"போகட்டும் சார்."

"இன்னொண்ணு கீழ கெடக்கும்."

"கெடக்கட்டும் சார். ஒரு கோர் கொஞ்ச நேரம் வெட்டியா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. அவ விடல. ஒவ்வொரு கோர் பக்கத்துலயும் ஒரு சின்ன இடம் இருக்குங்க, கேஷ்னு சொல்லுவோம். காசு இல்ல, அது வேற. ஒரு வேலை அங்க கொஞ்ச நேரம் ஓடினா, அதுக்கு வேணுங்கறதெல்லாம் அந்தச் சின்ன இடத்துல வந்து கைக்கெட்டற மாதிரி உட்கார்ந்துக்கும். அந்த வேலையைத் தூக்கி வேற கோர்ல போட்டா, அங்க ஒண்ணும் இருக்காது. மறுபடி முதல்ல இருந்து எல்லாத்தையும் தூரத்துல இருந்து கொண்டாரணும்.

"சார், நம்ம வீட்டு அடுப்படியில கண்ணை மூடிட்டு உப்பு எடுப்போம். அடுத்தவங்க அடுப்படியில நின்னா உப்பு எங்க, புளி எங்கன்னு டப்பா டப்பாவாத் திறக்கணும். நீங்க ஒரு குழம்பு கொதிக்கறதுக்குள்ள நாலு அடுப்படி மாத்தறீங்க. வேலையை விட மாத்தறதுதான் சார் இங்க பெரிய வேலையா இருக்கு. நாலு பட்டையும் உயரமா இருக்குன்னா, நாலும் டப்பா திறந்துட்டு இருக்குன்னு அர்த்தம்."

வயசுல சின்னப் பொண்ணு, என்ன சொல்ல முடியும்? "நீ சமையலை வீட்டுல வெச்சுக்கம்மா, இங்க இஞ்சினீயரிங் பேசு"ன்னு அனுப்பிட்டேன்.

அப்பறந்தான் அந்த ஹோட்டல் கூத்து. கேபிள் ஆபரேட்டருங்க எல்லாரையும் பீளமேட்டுல ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, புதுப் பொட்டியைக் காட்டறோம். நல்ல கூட்டம். பெரிய திரையில கிரிக்கெட் மேட்ச். பக்கத்துல இன்னொரு திரை வெச்சு அதுல என்னோட நாலு பட்டை. அது என் ஐடியாதான். பவுலர் ஓடி வர்றான், கையைச் சுழட்டறான், பந்து கையை விட்டு வருது, நின்னுடுச்சு. பந்து அந்தரத்துல. பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கினபடி நிக்கறான். மூச்சு விடற நேரம் போச்சு. டக்குனு பார்த்தா கூட்டமெல்லாம் கை தட்டுது, பேட்ஸ்மேன் வெளிய நடந்து போறான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அடுத்த பந்தும் அப்படியே.

நான் பதறல. மைக்கை வாங்கினேன். "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க, நாலு கோரும் எவ்வளவு சமமா உழைக்குதுன்னு பாருங்க"ன்னேன். பொங்கலூர் ஆபரேட்டர் ஒருத்தரு எந்திரிச்சாரு, பெரிய மீசை. "ஏனுங் தம்பி, எங்க சனங்க கட்டற காசுக்கு மேட்ச் பார்ப்பாங்களா, உங்க பட்டையைப் பார்ப்பாங்களா?"ன்னாரு. அப்படி ஒரு சிரிப்பு. எம்.டி.யும் சிரிச்சாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

மறுநாளே வேலை ஷஹீரா கைக்குப் போச்சு. அவ என்ன பெருசா பண்ணிட்டா? நான் எழுதினதுல பாதியை அழிச்சா. படத்தை ஒரு கோர்ல உட்கார வெச்சு, "அதை யாரும் தொடாதீங்க"ன்னு எழுதிட்டா. ரொம்ப முட்டிக்கிச்சுன்னா மட்டும் வேற வேலையை நகர்த்தறது. இப்ப ஒரு பட்டை மேல, ரெண்டு பட்டை நடுவுல, நாலாவது தரையோட தரையாக் கெடக்குது. பார்க்கவே சகிக்கல. படம் ஓடுதான்னா... ஓடுது. தண்ணி மாதிரி ஓடுது. அதை யார் இல்லைங்கறா? ஆனா நியாயம்னு ஒண்ணு வேண்டாமாங்க?

அதோட விட்டாங்களா? என்னை ஒரு இடத்துல வைக்கறதில்ல இப்ப. அனுபவஸ்தரு, எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பயன்படணும்னு சொல்லி முதல்ல டெஸ்டிங்குல போட்டாங்க. அங்க யாரைக் கேட்டா எது கெடைக்கும்னு தெரிஞ்சுக்கவே நாளாச்சு. சரி, ஆளுங்க முகம் பழகிச்சேன்னு நிமிர்ந்தேன், சர்வீஸ்ல போட்டாங்க. இப்ப பர்ச்சேஸ். காபி மெஷின் எந்த மூலையில இருக்குன்னு தேடிட்டு நிக்கறேன், பொடிப் பசங்க பார்த்து, "சார், யாரு வேணும்?"ங்கறானுங்க. இருபது வருஷமா அதே கம்பெனியில இருக்கற ஆளைப் பார்த்து! நாற்காலி சூடாகறதுக்குள்ள எந்திரிங்கறாங்க. மனுஷனை இப்படித் தூக்கித் தூக்கிப் போட்டா அவன் என்னத்தை வேலை செய்வான், சொல்லுங்க? எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. இதைப் புரிஞ்சுக்கற ஆளு அந்தக் கம்பெனியில ஒருத்தர்கூட இல்ல.

சரி, அது கெடக்கட்டும். அப்பா கதைக்கு வர்றேன்.

போன தடவை என் முறையில, வந்த ரெண்டாம் நாளே காலையில டீ குடிக்கப் போறேன்னு கெளம்பினவரு வரல. மத்தியானம் ஆச்சு, வரல. நானும் என் வீட்டுக்காரியும் தெருத் தெருவா வண்டியில சுத்தறோம். அப்பத்தான் போன் வந்துச்சு. சிங்காநல்லூர் பக்கம் ஒரு டிராஃபிக் போலீஸ்காரரு. அப்பா ஒரு பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்காராம். நீல போர்டு போட்ட டீக்கடை, அதைத் தாண்டினா வீடுன்னு சொல்லிட்டே இருக்காராம். நீல போர்டு கடை வெங்கமேட்டுல இருக்குங்க, அக்கா வீட்டுத் தெருவுல.

நல்லவேளை, நான் முன்னெச்சரிக்கையா அவரு சட்டைப் பையில ஒரு அட்டை வெச்சிருந்தேன். மூணு வீட்டு விலாசம், மூணு போன் நம்பர். போலீஸ்காரருக்கு அதுவே குழப்பம். "ஏனுங்க, மூணு விலாசம் இருக்குது, இவரு வீடு எதுங்க?"ன்னு கேட்டாரு.

"இன்னைக்கு என்ன தேதிங்க? பார்த்துச் சொல்றேன்"னேன்.

அந்தாளு, "நீங்க முதல்ல இங்க வாங்க சார்"னு மட்டும் சொன்னாரு. குரலே சரியில்ல. போலீஸ்காரங்களுக்கு ஒரு சிஸ்டத்தை வெளக்கறது கஷ்டம்.

போயிப் பார்த்தா அப்பா செருப்பைக் கழட்டிப் பக்கத்துல வெச்சுட்டு உட்கார்ந்திருக்காரு. என்னைப் பார்த்ததும், "பெரியவனா, சின்னவனா?"ன்னாரு. வெயிலு. கண்ணு கூசியிருக்கும்.

விஷயம் கேட்டு அக்கா அன்னைக்குச் சாயங்காலமே கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டா. என் முறையில பதிமூணு நாள் பாக்கி இருக்கும்போதே! நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன். அவ முறையும் சேர்ந்து ஓடிச்சு. அண்ணன் முறை வந்துச்சு, போன் பண்ணினா, அக்கா "அப்பறம் பார்க்கலாம்"னுட்டா. அண்ணியும் வற்புறுத்தல. இன்னைக்கு மறுபடியும் என் முறை. விட்டா இப்படியே ஒரு பக்கமா சாஞ்சு போகும், நாமளே நேர்ல போவோம்னுதான் டிக்கெட் போட்டுக் கெளம்பினேன்.

போனா, அப்பா வீட்டுல இல்ல. பின்னாடி மாமாவோட ஷெட்ல இருக்காரு. பெஞ்சுல உட்கார்ந்து துண்டு மடிக்கறாரு. சும்மா சொல்லக் கூடாது, என்ன வேகம்! ஓரத்தை விரலால தடவிப் பார்த்து, நூல் விட்டதை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் போடறாரு. பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க, அவங்களோட என்னமோ பேசிச் சிரிக்கறாரு. நான் போயி நின்னதும், "வா தேவு, சாப்பிட்டியா?"ன்னாரு. என் பேரைச் சரியாச் சொன்னாரு.

"பை எங்கப்பா?"

"எதுக்கு கண்ணு?"

"இன்னைக்கு என் முறைங்கப்பா."

"நான் வரல."

மடிக்கறதை நிறுத்தவே இல்ல. "என்னப்பா நீங்க, நாக்பூர், கட்டாக்குன்னு சுத்துன ஆளு, கோயம்புத்தூர் வர்றதுக்கு யோசிக்கறீங்க?"ன்னேன்.

"அப்ப ஸ்டியரிங் எங்கையில இருந்துச்சு கண்ணு"ன்னாரு.

அக்கா காபியோட வந்தா. நான் அவளுக்காகத்தானே பேசறேன்? "நீ ஒருத்தியே எவ்வளவு நாளைக்குக்கா பாரம் சுமப்ப?"ன்னு கேட்டேன்.

"பாரம்னு நான் எப்படா சொன்னேன்? அவரு இருக்கறது எனக்கு ஒரு வேலையே இல்ல. நீங்க கொண்டாந்து விடறதும், கூட்டிட்டுப் போறதும், வந்த பின்னாடி ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து பழக்கறதும்தான்டா வேலை"ன்னா.

இதே மாதிரி யாரோ எங்கயோ சொல்லிக் கேட்ட ஞாபகமுங்க. யாருன்னு இன்னும் வரல. வந்தாச் சொல்றேன்.

அப்பா ஒரு துண்டை மடியில போட்டுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. "ஏங் கண்ணு, உன் பொட்டிக்குள்ள வேலையைத் தூக்கித் தூக்கிப் போடுவேன்னு சொல்லுவியே, அந்த வேலை முடிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

என் வேலையைப் பத்தி அவரு கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமா இருந்துச்சு. "முடிஞ்சுதுன்னா எடுத்துருவோம்ப்பா. அது இருந்த இடம் காலியாயிரும்"னேன்.

"ம். அப்ப ஒரே இடத்துல இருந்து முடியட்டும்"னு சொல்லிட்டு அடுத்த துண்டை எடுத்தாரு.

டெக்னிக்கலா அதுல சில தப்பு இருக்குதுங்க. வெளக்கலாம்னு வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில காபியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வெச்சுட்டேன்.

இப்ப பாருங்க, எங்க மூணு வீட்டுல ஒரு வீட்டுக்கு முழுசும், ரெண்டு வீட்டுக்கு ஒண்ணுமில்ல. அண்ணன் வீட்டுல ஒரு ரூமு வெட்டி. என் வீட்டுல அவருக்குன்னு வாங்கின கட்டில் வெட்டி. அண்ணிக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அவங்க கேக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன், இருந்தாலும் எனக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கில்ல.

பல்லடம் வந்துருச்சுங்களா? பையை எடுத்துக்குங்க, மெதுவா இறங்குங்க. ஒரு நிமிஷம். உங்களை ஒண்ணு கேக்கணும், எனக்குப் புடிபடல. கெளம்பறப்ப அப்பா வாசல் வரைக்கும் வந்தாரு. நடையெல்லாம் நல்லா இருக்கு, செவுரைப் புடிக்கல. "மறுபடி எப்ப கண்ணு வருவ?"ன்னாரு. "அதான் முறையே இல்லைன்னு ஆயிருச்சே, இனி நான் எதுக்குங்கப்பா வரணும்?"னு கேட்டேன். கோபத்துல இல்லீங்க, நெசமாவே தெரியாமத்தான் கேட்டேன். அவரு என் தோள்ல ஒட்டியிருந்த நூலைத் தட்டி விட்டுட்டு, "சும்மா வா"ன்னாரு.

கரூர்ல இருந்து அதையேதான் யோசிச்சுட்டு வர்றேன். நீங்க சொல்லுங்க, சும்மா வர்றதுன்னா எப்படிங்க வர்றது?